பக்கற்றின் பின்பக்கம்

றுக்கியா கதிரையில் முழுதாக இருந்து நான் பார்த்ததில்லை. நுனியில் குந்துவாள், உடனே எழும்புவாள். குறிஞ்சாக்கேணியில் பிறந்து, மூதூர் லோஞ்சுப் படகில் வேலை செய்த ஜெமீலைக் கட்டித் திருகோணமலைக்கு வந்தவள். அவளுடைய வளவுக்கும் எங்களுடைய வளவுக்கும் நடுவில் ஒரு கிடுகு வேலி, அதில் ஒரு பொட்டு. அந்தப் பொட்டுக்குள்ளால் ஒரு நாளைக்கு எத்தனை தரம் தலை நீட்டுவாள் என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

"புஸ்பராணி அக்கா, இரிக்கிறீங்களா?"

"இல்லை, செத்துப் போனன். என்னடி?"

அவளுடைய அந்தரத்துக்கும் பதற்றத்துக்கும் காரணம் இருந்தது. ஒரே மகள் ஸுல்பிகா, ஆறு வயது. திடீரென்று உடம்பெல்லாம் தடிக்கும், உதடு வீங்கும், பிறகு மூச்சு இழுக்கும். இரண்டு தரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். இரண்டாவது தரம் பிள்ளையின் நகக்கண் நீலமாகிவிட்டது. எனக்குக் கால் ஓடவில்லை. றுக்கியாதான் என்னையும் இழுத்துக்கொண்டு ஓடினாள்.

ஆஸ்பத்திரி டொக்டர் சொன்னார்: "ஏதோ ஒரு சாப்பாடு ஒத்துவரேல்லை. பாலோ, முட்டையோ, கச்சான் கடலையோ, மாவோ தெரியாது. எல்லாத்தையும் நிப்பாட்டுங்கோ. சோறும் உப்பும் புடலங்காயும். உடம்பு தணிஞ்ச பிறகு ஒவ்வொண்டாச் சேர்த்துப் பாருங்கோ. பக்கற்றில வாற சாமான் எண்டால் பின்பக்கம் வாசிக்காமல் குடுக்கவே குடாதேங்கோ. அடுத்த முறை பிந்தினால் என்னால ஒண்டும் செய்ய ஏலாது."

அது இறக்குமதிச் சாமான்களைத் திறந்துவிட்ட காலம். வருடக்கணக்காகக் காணாத பிஸ்கற்றும் சொக்லேற்றும் பொரியலும் பளபளவென்று கடைகளில் தொங்கின. மற்றப் பிள்ளைகள் பள்ளிக்கூட வாசலில் நின்று கறுக்கு முறுக்கென்று தின்ன, ஸுல்பிகா உப்புச் சோறு தின்றாள். றுக்கியாவும் அதையே தின்றாள். "புள்ள பாத்துக்கிட்டிரிக்கக்குள்ள எனக்கு எப்புடி மீன் இறங்கும்?" என்றாள். நல்ல கதை. இரண்டு பேரும் ஈர்க்கு மாதிரி ஆனார்கள்.

எப்படியாவது பிள்ளைக்கு ஆகக்கூடிய ஒரு பக்கற்றைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று அவளுக்கு வெறி. எனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரிந்த பாவத்துக்கு நானும் அகப்பட்டேன். மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் ஒரு கடை விடவில்லை. அவள் பக்கற்றைப் புரட்டி நீட்டுவாள், நான் கண்ணைச் சுருக்கி அந்த எறும்பெழுத்தை வாசிப்பேன். பால்மா. முட்டைத் தூள். கச்சான். வைத்துவிட்டு அடுத்த கடை. "வாங்கிறதெண்டா வாங்குங்கோ, இது என்ன வாசிகசாலையோ?" என்று ஒரு முதலாளி பாய்ந்தார். "நஞ்சை வித்தாலும் வாசிச்சுத்தான் வாங்குவம்" என்று நானும் பாய்ந்தேன்.

இதில் பெரிய கொடுமை என்னவென்றால், வீட்டில் ஒன்றும் சரிவரவில்லை. மீன் சேர்த்தாள், மறுநாள் பிள்ளைக்குத் தடித்தது. மீனை நிறுத்தினாள். பருப்புச் சேர்த்தாள், தடித்தது. பருப்பும் போயிற்று. முருங்கைக்காயும் போயிற்று. பிள்ளைக்கு விலா எலும்பு தெரிந்தது. "இனி எதக் குடுக்கிற அக்கா? தண்ணியத்தானா?" என்று வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

இறங்குதுறைக்குப் பக்கத்தில் தாஹிர் காக்காவின் கடை. அங்கே சிவப்புப் பக்கற்றில் புதிதாக ஒரு பிஸ்கற் வந்திருந்தது. ஒரு நாள் மத்தியானம் போனோம். வாசித்தேன்: கோதுமை மா, சீனி, தாவர எண்ணெய், பால்மா. பால் என்றதும் அவள் பக்கற்றை வைத்துவிட்டாள். அது ஓரத்தில் கிழிந்த பக்கற், தூள் கையில் ஒட்டிவிட்டது. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தால் கூட்டிவரப் போகிற கை. கடை வாசல் பீப்பாவில் தண்ணீர் மொண்டு, முழங்கை வரைக்கும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள்.

லோஞ்சுக்குக் காத்திருந்த சனம் முழுக்கப் பார்த்தது. ஒரு முஸ்லிம் பெண் பக்கற்றின் பின்பக்கத்தை வாசிப்பிக்கிறாள், வைக்கிறாள், கை கழுவுகிறாள். வேறென்ன நினைக்கும்? பன்றிக் கொழுப்பு! அந்தக் கதை அன்றைய லோஞ்சிலேயே மூதூருக்குப் போய், பஸ் ஏறிக் கிண்ணியாவுக்கும் போய்ச் சேர்ந்தது. தாஹிர் காக்காவின் கடையில் பிஸ்கற் மட்டுமல்ல, பருப்பு வாங்கக்கூட ஆள் வரவில்லை. அவர் சிவப்புப் பக்கற்றையெல்லாம் பின்னறையில் போட்டுப் பூட்டினார்.

எங்களுக்கு இது ஒன்றும் தெரியாது. எங்களுக்குத் தெரிந்தது, ஸுல்பிகாவுக்குத் தடிப்பது நின்றுவிட்டது. ஒரு கிழமை, இரண்டு கிழமை. றுக்கியா பயந்து பயந்து மீன் கொடுத்தாள். ஒன்றுமில்லை. பருப்பு, முருங்கைக்காய், கோதுமை மாப் பாண் கூடக் கொடுத்தாள். ஒன்றுமில்லை. பிள்ளை கன்னம் வைத்தது. றுக்கியாவுக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை. முற்றத்தில் மேலும் கீழும் நடந்தாள். பிறகு பிள்ளையை மடியில் வைத்துக் கேட்டாள்: "முந்தி உம்மாக்குத் தெரியாம என்ன தின்ன மகள்? உம்மா ஏச மாட்டன்."

"சிவப்பு பிஸ்கற். வாப்பாதான் வாங்கித் தருவார். இப்ப கடையில இல்லையாம்."

வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற நான் பொட்டுக்குள்ளால் தலை நீட்டினேன்.

ஜெமீல் வந்ததும் அவள் கத்தவில்லை. நான் அவளுடைய இடத்தில் இருந்திருந்தால் அகப்பையால் விளாசியிருப்பேன். "கொல்லப் பாத்தீங்களே" என்று மட்டும் சொன்னாள்.

"மத்தப் புள்ளைகள் தின்னுறதப் பாத்து எச்சில் முழுங்கிறாள் றுக்கியா. ஒரு துண்டுதானே எண்டு நினைச்சன்" என்று அவன் தலையில் கைவைத்து இருந்துவிட்டான்.

பாண் ஒத்துவந்தபடியால் மா இல்லை, பால்தான் என்று டொக்டர் சொன்னார். அப்பாடா என்று இருந்தபோதுதான் தாஹிர் காக்கா படலையடியில் வந்து நின்றார். மனிதர் பாதியாகிவிட்டார்.

"தங்கச்சி, நீங்க கை கழுவினதப் பாத்துப் பன்றிக் கொழுப்பெண்டு சனம் கதைக்குது, கடை விழுந்திட்டு. என்னத்தக் கண்டீங்க? அல்லாஹ்வுக்காகச் சொல்லுங்க."

அவர் போன பிறகு நான் அவளைப் பிடித்துக்கொண்டேன். "வாயைப் பொத்திக்கொண்டு இரு. அந்தக் கதை உலாவுற வரைக்கும் ஒருத்தரும் உன்ர பிள்ளைக்கு அந்தச் சனியனைக் குடுக்க மாட்டினம். ஜெமீலும் வாங்க மாட்டான். கண்டறியாத நியாயம் பேசப் போகாதை."

"அவர்ர வீட்டில கட்டிக்குடுக்காத நாலு குமர் இரிக்கி அக்கா. என்ர புள்ளைக்கு மூச்சு வேணுமெண்டு அவர்ர கழுத்த நெரிக்கவா?"

"விசரி" என்று ஏசினேன். ஆனால் கூடவே போனேன்.

லோஞ்ச் வந்து சனம் இறங்குகிற நேரம். றுக்கியா மகளை என் கையில் தந்துவிட்டு, தாஹிர் காக்காவிடம் ஒரு சிவப்புப் பக்கற் கேட்டாள். எல்லாரும் பார்க்க உடைத்தாள். மாதக்கணக்காக நாக்கில் ருசி படாதவள், பிஸ்மி சொல்லி ஒன்றை வாயில் வைத்துக் கடித்தாள்.

"ஹறாம் ஒண்டுமில்ல இதுல" என்றாள். "பால் இரிக்கி. பால் என்ர மகள்ர மூச்ச அடைக்கும். அதுக்குத்தான் அண்டைக்குக் கை கழுவினன். நீங்க வாங்குங்க, தின்னுங்க. இந்தப் புள்ளைக்கு மட்டும் குடுத்திராதீங்க."

ஸுல்பிகா என் கையை உதறிக்கொண்டு ஓடினாள். உம்மாவே தின்கிறாள் என்றால் இனி ஆகும் என்று நினைத்திருக்கும் அந்தப் பச்சை மண். லோஞ்சால் இறங்கி வந்த தகப்பனின் சாரத்தைப் பிடித்து இழுத்தாள்.

"வாப்பா, கடையில வந்திட்டு! வாங்கித் தாங்க வாப்பா!"

றுக்கியா அசையவில்லை. வாயில் இருந்ததை விழுங்காமல் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஜெமீல் மகளுக்கு முன்னால் குந்தினான். அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

"ஏலாது மகள்."

பிள்ளை நிலத்தில் விழுந்து புரண்டு, இறங்குதுறை முழுக்கக் கேட்கக் குளறியது. ஜெமீலின் கண்ணால் தண்ணீர் ஓடியது. ஆனால் அவன் எழும்பிக் கடைப்பக்கம் போகவில்லை.