பீரோவில் இருந்த பிரேக் ஷூ

எங்கள் மோட்டார் சைக்கிளைச் செய்த கம்பெனியை மூடிவிட்ட வருடம் அது. இனிமேல் ஸ்பேர் வருமா, வராதா என்று சேலத்துக் கடைக்காரர்களுக்கே தெரியவில்லை. கடைசியாகக் கிடைத்த ஒரு ஜோடி பிரேக் ஷூவை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

அதே கம்பெனி வண்டி ஒன்றில் ஆரஞ்சு கொண்டுபோய் விற்கும் வெள்ளக்கடை கிராமத்து ராமன் ஒருநாள் நான் கணக்கு எழுதும் எஸ்டேட் ஆபீசுக்கு வந்தார்.

"ஏனுங்க ரைட்டரே, பிரேக்கே புடிக்கறதில்லீங்க. உங்ககிட்ட ஷூ இருக்குதுங்களா?"

"எனக்கே கெடைக்கலீங்களே" என்றேன், கூசாமல்.

பத்தாம் நாள், மலைப்பாதையில் நாகலூர் வளைவுக்குக் கீழே, காப்பிச் செடிகளுக்குள் வண்டியோடு அவர் இறந்து கிடந்தார்.

காரியம் முடிந்ததும் அவர் மனைவி அந்த வண்டியை ஜீப்பில் ஏற்றிவந்து என் வாசலில் இறக்கினார்.

"ரைட்டருக்கும் ஷூ கெடைக்கலையாமா, பாவம்னு சொல்லீட்டே இருந்தாருங்க. இதுல வேணுங்கறதக் கழட்டிக்குங்க."

அவர் போனபின் பின்சக்கரத்தைக் கழற்றினேன். தேய்ந்துபோன ஷூவுக்குத் தகரத்தை மடித்து முட்டுக் கொடுத்திருந்தார் ராமன்.

பீரோவைத் திறந்து, புது ஷூவை எடுத்து அந்தச் சக்கரத்திலேயே மாட்டினேன்.

இன்றும் அந்த வண்டி என் கொட்டகையில்தான் நிற்கிறது. பிரேக் நன்றாகப் பிடிக்கிறது. அவ்வப்போது போய் மிதித்துப் பார்க்கிறேன்.