ஆண்டவர், கர்த்தர், செல்லத்துரை அண்ணாச்சி

பேசாமல் இருந்தது போதும். ஐந்து ஆண்டுகளாக நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதனால் எனக்கு ஒரு குறையும் வரவில்லை. குறையெல்லாம் செல்லத்துரை அண்ணாச்சிக்கு வந்தது. அவரை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். நம் சபையில் இடப்பக்கம் நான்காவது பெஞ்சில், தூணை ஒட்டி உட்காருவார். இரண்டு வாரமாக அந்த இடம் காலியாக இருக்கிறது. நீங்கள் அதைப் பார்க்காததுபோல் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்கிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

அவர் இறந்த செய்தி எனக்குச் சபையிலிருந்து வரவில்லை. கருப்பசாமி போன் செய்தார். நாரணாபுரத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் ஃபோர்மேன். அம்மன் கோயில் தெருக்காரர்.

"அண்ணாச்சி போயிட்டாக சார். காலையில காப்பி குடிச்சிட்டுப் பேப்பர் பாத்துக்கிட்டு இருந்தவுக, அப்படியே சாஞ்சிட்டாக. ஒங்க கோயில்ல ஆளு செத்தா மணி அடிப்பீகள்ல? இன்னும் சத்தத்தைக் காணமேன்னுதான் கேட்டேன்."

மணி அடிக்கவில்லை. ஏன் அடிக்கவில்லை என்று கேட்க வேண்டியவன் நான். கேட்டவர் கருப்பசாமி.

அண்ணாச்சிக்கு வேலை பிழை திருத்துவது. திருத்தங்கல் சாலையில் நாங்கள் இருவரும் வேலை பார்த்த அச்சகத்தில் எல்லாச் சாமிக்கும் காலண்டர் அடிப்போம். முருகன் படத்துக்குக் கீழே ராகு காலம், எமகண்டம். பள்ளிவாசல் காலண்டரில் தொழுகை நேரம். கத்தோலிக்கர்களின் ஆர்.சி. காலண்டரில் புனிதர்களின் திருநாள். பெந்தெகொஸ்தே சபைகளுக்குப் புத்தாண்டு வாக்குத்தத்த அட்டை. அத்தனையையும் அவர் ஒருவரே வாசித்துத் திருத்துவார். ஒருமுறை பள்ளிவாசல் ஆர்டரில் 'நோன்பு' என்று இருந்ததை நான் 'விரதம்' என்று மாற்றினேன். அவர் அதை அடித்துவிட்டு மறுபடியும் நோன்பு என்று எழுதினார். "இது அவுக சொல்லு, எம்.ஏ. அவுக சாமிய அவுக சொல்லுலயே விட்டுருங்க. நமக்கு வேலை ஒற்றும் காலும்தான்."

என்னை அவர் எம்.ஏ. என்றுதான் கூப்பிடுவார். கேலியும் மரியாதையும் சரிபாதி. நான் தமிழ் எம்.ஏ. நம் சபைப் பள்ளிக்கூடத்தில் எனக்கு வரவேண்டிய தமிழாசிரியர் வேலை செயலாளரின் மச்சினருக்குப் போனதால் அச்சகத்துக்கு வந்தவன். அதை நான் மறக்கவில்லை, மறக்கப்போவதும் இல்லை. அண்ணாச்சி பத்தாம் வகுப்பு. என் ஒற்றுப்பிழையை அவர்தான் திருத்துவார். அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது என்பதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது?

ஒரு காலண்டர் சீசனில் அவர் மனைவி பிலோமினா அக்காவுக்கு மதுரையில் ஆபரேஷன். அண்ணாச்சி நான்கு நாள் வேலைக்கு வரவில்லை. நம் சபையின் தினசரிக் காலண்டருக்கு நாளொன்றுக்கு ஒரு சிறு வேதாகமக் குறிப்பு தேவைப்பட்டது. புதிதாக எழுதச் சோம்பல்பட்டு, முந்தைய ஆண்டு ஆர்.சி. பங்குக் கோயிலுக்கு அடித்த குறிப்புகளை எடுத்தேன். அவர்கள் 'ஆண்டவர்' என்பார்கள்; நாம் 'கர்த்தர்' என்போம். கம்ப்யூட்டரில் ஒரே ஒரு கட்டளை கொடுத்தேன். எல்லா ஆண்டவரும் கர்த்தராகிவிட்டார். பார்த்தாயிற்று என்று கையெழுத்துப் போட்டு மெஷினுக்கு அனுப்பினேன்.

ஐந்தாம் நாள் திரும்பி வந்த அண்ணாச்சி, ஓடிக்கொண்டிருந்த மெஷினிலிருந்து ஒரு தாளை உருவிப் படித்தார். உடனே நிறுத்தச் சொன்னார். 'நாற்பது ஆண்டுகள் இஸ்ரயேலை ஆண்டவர் சாலமோன்' என்று இருந்த வரி, 'நாற்பது ஆண்டுகள் இஸ்ரயேலை கர்த்தர் சாலமோன்' என்று ஆகியிருந்தது.

"எந்த ஆண்டவரு சாமி, எந்த ஆண்டவரு ராசான்னு கம்ப்யூட்டருக்கு என்ன தெரியும், எம்.ஏ.? நமக்குல்ல தெரியணும்" என்றார். அதோடு சரி. யார் செய்தது என்று முதலாளியிடம் சொல்லவில்லை. கெட்டுப்போன தாள்கள் மற்ற வேஸ்டோடு லோடு ஏறி நாரணாபுரம் போயின. வெடி சுற்றுவதற்கு அங்கே பழைய பேப்பர் எவ்வளவு வந்தாலும் போதாது.

அடுத்த பங்குனி. நமக்கு லெந்து என்னும் தவக்காலம். அம்மன் கோயில் தெருவுக்குப் பொங்கல். வெள்ளிக்கிழமை சாயங்கால ஆராதனை நடக்கும்போது முளைப்பாரி ஊர்வலம் நம் கோயில் வாசலைக் கடந்தது. வாசலுக்கு எதிரே சரவெடி போட்டார்கள். போட்டிருக்க வேண்டாம் என்றுதான் நானும் சொல்வேன். ஆராதனை முடிந்து வெளியே வந்தவர்கள் காலடியில் கிடந்த கருகிய காகிதத்தைப் பார்த்தார்கள். ஒரு துண்டில் கர்த்தர். இன்னொரு துண்டிலும் கர்த்தர். அதன்பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். நீங்களும் அங்கேதான் இருந்தீர்கள். வேதத்தைக் கிழித்து வெடி செய்து, வேதக்கோயில் வாசலிலேயே கொளுத்திவிட்டார்கள் என்றார் செயலாளர். மாவட்டத் தலைவர்களுக்கெல்லாம் போன் போயிற்று. போலீசுக்கு மனு எழுதி, கையெழுத்துப் போட வரிசையில் நின்றோம். நான்தான் மனுவை எழுதினேன். மொழிநடை நன்றாக இருந்ததாகச் செயலாளர் பாராட்டினார். அந்தத் தெருவிலும் ஆள் சேர்ந்துகொண்டிருந்தது.

அண்ணாச்சி வரிசையில் நிற்கவில்லை. செயலாளர் கைக்குட்டையில் பொதிந்து வைத்திருந்த துண்டுகளில் ஒன்றை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கண்ணருகே கொண்டுபோய்ப் படித்தார். படித்துவிட்டுச் சிரித்தார்.

"சிரிக்கிற விசயமாவே இது?" என்றார் செயலாளர்.

"அய்யா, இது வேதம் இல்ல. காலண்டரு. எங்க கம்பெனி காலண்டரு."

"அது எப்படிவே ஒமக்குத் தெரியும்?"

"இங்கன பாருங்க, இஸ்ரயேல்னு போட்டிருக்கு. நாம இஸ்ரவேல்னுல்ல சொல்லுவோம்? இது ஆர்.சி. எழுத்து. பக்கத்துலயே கர்த்தர்னு இருக்கு. அது நம்ம எழுத்து. இந்த ரெண்டும் ஒரே வரியில இருக்க வேதத்த உலகத்துல எவனும் அச்சடிக்கல. நாங்கதான் அடிச்சோம், தப்பா. அந்தத் தாளு வேஸ்டுல போச்சு. வெடி சுத்துன பொம்பளைக்கு வாசிக்கத் தெரியுமோ என்னமோ, பாவம்."

செயலாளர் அந்தத் துண்டைத் திரும்ப வாங்கிக் கைக்குட்டையில் பொதிந்தார். பிறகு கேட்டார்: "யாரு செஞ்ச தப்பு?"

நான் மூன்றடி தூரத்தில், மனுவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அண்ணாச்சி என் பக்கம் திரும்பவே இல்லை. "புரூப் பாக்குறவன் நாந்தான? பிழை எம்பாடு" என்றார்.

மனு போகவில்லை. அன்று ஊரில் ஒரு மண்டையும் உடையவில்லை என்றால் அதற்கு அந்த ஒரு வரிதான் காரணம். ஆனால் அதற்காக நீங்கள் அவருக்கு நன்றி சொல்லவில்லை. கூட்டிய கூட்டம் கலைந்துபோன வெட்கம் உங்களுக்கு. அவமதித்தவர்கள் எதிர்த்தெருவில் கிடைக்காமல் போனதால் சொந்தப் பெஞ்சில் ஒருவரைத் தேடிக்கொண்டீர்கள்.

நன்றி சொல்ல வந்தவர் கருப்பசாமி. மறுநாள் ஒரு தூக்குவாளி நிறையச் சர்க்கரைப் பொங்கலோடு அண்ணாச்சி வீட்டுக்குப் போனார். "எங்காளுக கம்போட நின்னாக அண்ணாச்சி. ஒங்க ஒரு வார்த்தை இல்லேன்னா இந்நேரம் நான் ஆஸ்பத்திரியில, இல்ல ஜெயில்ல." அண்ணாச்சி வாசலிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார். அதைப் பார்த்தவர்கள் கமிட்டிக்குச் சொன்னார்கள். வேதவசனத்தை அலட்சியமாகக் கையாண்டது ஒன்று, விக்கிரகத்துக்குப் படைத்ததை உண்டது இன்னொன்று என்று இரண்டு குற்றச்சாட்டு.

"படைச்சதத் தின்னீரா?"

"தின்னேன் அய்யா. முந்திரி நெறைய போட்டிருந்தாக."

மன்னிப்புக் கடிதம் தரும்வரை திருவிருந்து கிடையாது என்று தீர்ப்பாயிற்று. அவர் தரவில்லை. "பிழைக்கு வருத்தம் எழுதித் தாரேன். பொங்கலுக்கு எப்படி எழுத? நல்லால்ல இருந்துச்சு" என்றார்.

அதன்பிறகு வீட்டுக்கு ஆள் தேடி வந்தார்கள். பெந்தெகொஸ்தே பாஸ்டர் வந்து, செத்த சபையை விட்டு வெளியே வாருங்கள், முழுக்கு ஞானஸ்நானம் எடுங்கள் என்றார். "நம்ம ஊருல குடிக்கவே லாரியில வருது. முங்குறதுக்கு எங்கன போக பாஸ்டர்?" என்று கேட்டு, காப்பி கொடுத்து அனுப்பினார். ஆர்.சி. பங்குச் சாமியார் நல்ல மனிதர். ஆனால் அவரும், உங்கள் கல்யாணத்தை எங்கள் முறைப்படி ஒழுங்கு செய்தால் சேர்த்துக்கொள்ளலாம் என்றார். பிலோமினா அக்கா பிறப்பால் ஆர்.சி.; அண்ணாச்சியைக் கட்டியதற்காக அங்கே விலக்கப்பட்டவர். "முப்பது வருசம் கழிச்சு ஒழுங்கு பண்ணணுமாம். அப்ப இம்புட்டு நாளா நம்ம ரெண்டு பேரும் ஒழுங்கில்லாமயா இருந்தோம், பிலோமி?" என்று அண்ணாச்சி கேட்டாராம். அக்கா சொல்லிச் சிரித்தார்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நம் கோயிலுக்கு வந்தார். இதை நான் சொல்லியே ஆக வேண்டும். திருவிருந்து ஆராதனையில் பெஞ்சு பெஞ்சாக எழுந்து முன்னால் போவோம். நானும் நான்காவது பெஞ்சுதான். அவர் எழுந்திருக்க மாட்டார். நாங்கள் கடந்துபோக முழங்காலை ஒருபக்கமாக ஒதுக்கிக்கொள்வார். ஐந்து ஆண்டுகள், அந்த முழங்காலைத் தாண்டிப்போய் நான் அப்பத்தையும் ரசத்தையும் வாங்கினேன். திரும்பி வரும்போதும் ஒதுக்கிக்கொள்வார். ஒருநாளும் என்னைப் பார்த்து முகம் கோணவில்லை. கோணியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கருப்பசாமியின் போனுக்குப் பிறகு நான் போனபோது, அண்ணாச்சி வீட்டு முற்றத்தில் செயலாளரும் போதகரும் நின்றார்கள். ஒழுங்கு நடவடிக்கையில் இருந்தவருக்கு நம் கல்லறைத் தோட்டத்தில் இடம் கொடுத்தால் நாளை எல்லோரும் கேட்பார்கள் என்றார் செயலாளர். கமிட்டி முடிவு, என் கையில் இல்லை என்றார் போதகர்.

அக்கா கை கூப்பினார். "மணி அடிக்காண்டாம் அய்யா. பாட்டும் வேண்டாம். அவுக அம்மை பக்கத்துல ஒரு குழி மட்டும் குடுங்க."

அந்த நேரம் எனக்காகவே வந்தது. தப்பு என்னுடையது, அவர் என்னைக் காப்பாற்றினார் என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். வாயைத் திறந்தேன். "எத்தனை மணிக்கு எடுக்கிறோம்?" என்று கேட்டேன்.

ஊர்ப் பொதுமயானத்தில் புதைத்தோம். கருப்பசாமியின் ஆட்கள் குழி வெட்டினார்கள். போதகர் வரவில்லை, சாமியாரும் வரவில்லை. அக்காவின் பிறந்த வீட்டார் ஒரு பக்கம், அண்ணாச்சியின் தம்பிமார் மறுபக்கம். யாரோ கர்த்தர் கற்பித்த ஜெபத்தைத் தொடங்கினார்கள். இங்கே பரமண்டலம் என்றார்கள், அங்கே விண்ணுலகம் என்றார்கள். ஒன்றை ஒன்று அமுக்கக் குரல் ஏறியது. ஆர்.சி.க்காரர்கள் ஆமென் சொல்லி நெற்றியில் சிலுவை போட்டு முடித்தபோது, நம்மவர்களுக்கு இன்னும் ஒரு வரி பாக்கி இருந்தது.

மண்வெட்டியோடு நின்றவர் கேட்டார்: "முடிஞ்சிருச்சா, இன்னும் இருக்கா?"

"பொறுப்பா. ரெண்டு தரப்பும் முடிக்கட்டும்" என்றார் கருப்பசாமி.

திரும்பும்போது அக்கா என் அருகில் வந்தார். அழுது முடித்திருந்தார். "அந்தக் காலண்டரு வேலை ஒங்களதுன்னு எனக்குத் தெரியும் தம்பி. அன்னைக்கே அவுக சொன்னாக. வெளிய சொல்லாத, எம்.ஏ. வீட்டுல பொம்பளப் பிள்ளை இருக்கு, நாளைக்கு இந்தக் கோயில்லதான அதுக்குக் கல்யாணம் ஆகணும்னாக." கொஞ்ச தூரம் நடந்தபிறகு கேட்டார்: "தேதி குறிச்சாச்சா?"

குறித்தாகிவிட்டது. வரும் ஞாயிற்றுக்கிழமை என் மகளின் கல்யாண ஓலையை முதல்முறையாகச் சபையில் வாசிக்கிறார்கள். மூன்று வாரம் வாசித்து, யாருக்கும் ஆட்சேபணை இல்லை என்றால்தான் கல்யாணம். ஆட்சேபணை இருக்கிறதா என்று கேட்கப்போகிறவர் போதகர். இருக்கிறது என்று சொல்லக்கூடியவர் செயலாளர்.

அண்ணாச்சியிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது ஒரு பொருளும் இல்லை. அவர் தன் பெயரில் எழுதிக்கொண்ட என் பிழை மட்டும்தான். அதை இங்கே திரும்ப என் பக்கம் எழுதிக்கொள்கிறேன். அவர் வேதத்தை அவமதிக்கவில்லை. நீங்கள் விலக்கி வைத்த ஆள் தவறான ஆள். அவர் அம்மை பக்கத்தில் அந்தக் குழிக்கான இடம் இன்னும் வெறுமனேதான் கிடக்கிறது.

காலண்டர் அனுப்புவதற்காக அச்சகத்தில் வைத்திருக்கும் முகவரிப் பட்டியலில் சபையார் எல்லோருடைய விலாசமும் இருக்கிறது. எல்லோருக்கும் இதில் ஒரு பிரதி வரும். எழுதியது யார் என்று கண்டுபிடிக்க உங்களுக்கு ஐந்து நிமிடம் ஆகாது. ஆனால் கையெழுத்தில்லாத கடிதத்தைக் கமிட்டியில் வாசிக்கவோ, அதை வைத்து நடவடிக்கை எடுக்கவோ கூடாது என்பது உங்கள் விதி. அந்த விதிக்குப் பின்னால்தான் ஒளிந்துகொள்கிறேன். மொட்டைக் கடுதாசி என்பீர்கள், மொட்டைக் கடுதாசிதான். உறைகளை ஒட்டியாயிற்று. பெயர் போடாமல், நாளைக் காலைத் தபாலில் சேர்க்கிறேன்.