ஏரியூர் போய்ச் சேருமா?

மற்ற வியாபாரத்தில் பொருளை மட்டும் விற்றால் போதும். மின்சாரக் கார் விற்கிறவன், எங்கோ ஏ.சி. அறையில் உட்கார்ந்திருக்கும் கம்பெனிக்காரர் கொடுத்த வாக்கையும் சேர்த்து விற்க வேண்டும். அதியமான்கோட்டையில் நெடுஞ்சாலை ஓரத்து ஷோரூம் ஒன்றில் இந்த வேலையைத்தான் நான் பார்க்கிறேன். இன்சூரன்ஸ், வீட்டுமனை, வாஷிங் மெஷின் என்று எதையாவது விற்றுப் பிழைக்கும் சக ஜீவன்களே, யாரோ கொடுத்த வாக்குக்கு நம் முகத்தைக் காட்டிக்கொண்டு நிற்பது என்ன பாடு என்று உங்களுக்குத் தெரியாததா?

மூக்கால் சோதித்தவர்

ஏரியூரில் விவசாயம் பார்க்கும் கோவிந்தண்ணன் முதல்முறை வந்தபோது காரைச் சுற்றிக்கூடப் பார்க்கவில்லை. கதவைத் திறந்து மனைவி மாதம்மாவை உள்ளே உட்கார வைத்தார். அந்தம்மா கண்ணை மூடி, மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்துவிட்டு, "வாசனையே இல்லைங்க" என்று சிரித்தார்.

விஷயம் பிறகுதான் தெரிந்தது. மாதம்மாவுக்குச் சிறுநீரகக் கோளாறு. டயாலிசிஸ் செய்ய வாரத்துக்கு இரண்டு தடவை தர்மபுரி ஆஸ்பத்திரிக்கு வந்துபோக வேண்டும். டீசல் வாடை பட்டாலே குமட்டும். பஸ்ஸில் வந்தால் பென்னாகரம் வருவதற்குள் துவண்டுவிடுவாராம். நான் உற்சாகமாக, "ஒரு தடவை சார்ஜ் போட்டா நானூறு கிலோமீட்டர் ஓடும்ணே" என்று கம்பெனி நோட்டீஸை நீட்டினேன். கோவிந்தண்ணன் அதை வாங்கி, விரித்துப் பார்க்காமலே மேஜைமேல் வைத்தார்.

"நானூறு யாருக்குங்க வேணும்? ஏரியூரு போய்ச் சேந்தா போதும். பஸ்ஸு நின்னுபோனா பின்னால இன்னொரு பஸ்ஸு வரும். உங்க காரு நின்னுபோனா நான் இவள வெச்சிக்கிட்டு எங்க போய் நிப்பேன்?"

அதே தொழில்காரர்

தர்மபுரியில் பாத்திரக்கடை வைத்திருக்கும் ஜமால் பாயிடம் என் பேச்சு எடுபடாது என்று அவர் உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது. பேட்டரிக்கு எட்டு வருஷம் கேரண்டி என்றேன். தலையாட்டினார். அது என்னென்ன தாங்கும் என்று மனப்பாடமாக ஒப்பித்தேன். அதற்கும் பொறுமையாகத் தலையாட்டினார். நான் மூச்சு வாங்க நிறுத்தியதும், தன் கடையில் வேலை பார்க்கும் ஆளிடம் பேசுவதுபோல அன்பாகச் சொன்னார்.

"நானும் குக்கருக்கு கேரண்டி சொல்லித்தான் விக்கிறேன் தம்பி. மூடிக்குப் போடற ரப்பரு, அந்தக் கேஸ்கட்டு, அதுல வராதுன்னு கடைசியாத்தான் வாயத் தொறப்பேன். உங்க காருல கேஸ்கட்டு எது? அத மொதல்ல சொல்லுங்க."

பாய் இன்னும் கார் வாங்கவில்லை. ஆனால் அந்தப் பக்கம் போனால் டீ குடிக்காமல் விடமாட்டார்.

மலையிறக்கத்தில் ஒரு சந்தேகம்

நம் ஊரில் சோதனை ஓட்டம் என்றால் ஒருவர் ஓட்டிப் பார்ப்பதில்லை. கோவிந்தண்ணன் பங்காளிகள் மூன்று பேரை ஏற்றி, பின்னால் புளி மூட்டையையும் வைத்து, ஏ.சி.யை முழுசாக வைத்துக்கொண்டு, "ஒகேனக்கலுக்கு விடுங்க" என்றார். பென்னாகரம் தாண்டி மலைப்பாதையில் இறங்க ஆரம்பித்ததும், இன்னும் எவ்வளவு தூரம் ஓடும் என்று திரையில் காட்டும் எண் மெல்ல ஏறத் தொடங்கியது. இறக்கத்தில் சக்கரம் சுற்றும் வேகத்திலேயே பேட்டரிக்குச் சார்ஜ் ஏறும் என்று விளக்கினேன். ஓட ஓட மிச்சம் கூடும் வண்டியை அவர்கள் பரம்பரையில் யாரும் பார்த்ததில்லை. மீட்டரில் ஏதோ தில்லுமுல்லு என்று பங்காளிகள் முடிவே கட்டிவிட்டார்கள்.

மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம். மலை ஏற ஏற எண் மளமளவென்று இறங்கியது. நான் திரையைக் கையால் மறைக்காத குறைதான். அண்ணன் முகத்திலோ அப்போதுதான் தெளிச்சல் வந்தது. "இப்பத்தாங்க இது உண்மைய பேசுது" என்றார். அந்த முகத்தைப் பார்த்த பிறகு எனக்கும் மறைக்க மனசு வரவில்லை. இத்தனை பாரத்தோடு ஓட்டினால் நானூறு வராது, ஆனால் ஏரியூர் போய்வர ஒரு குறையும் இருக்காது என்று சொல்லிவிட்டேன். விஷயம் எங்கள் மேனேஜர் காதுக்குப் போனது.

"கம்பெனி குடுத்த வாக்கக் கொறைக்கறதுக்காய்யா உன்னைய வேலைக்கு வெச்சிருக்கோம்?"

வீடு பார்க்க வந்தார்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கோவிந்தண்ணனும் மாதம்மாவும் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். கையில் தாம்பாளம், அதில் வாழைப்பழம், வெற்றிலை, பூ. எதிர்வீட்டில் எட்டிப் பார்த்தார்கள். என் மனைவி சுமதி, கல்யாணமாகாத தன் தங்கையைத்தான் பெண் கேட்டு வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, அவசர அவசரமாகக் கேசரி கிளற ஆரம்பித்துவிட்டாள். வந்தவர்கள் உட்கார்ந்து கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தார்கள். சொந்த வூடா, வாடகையா என்று கேட்டார் அண்ணன். வாடகை என்றேன். அவர் முகம் வாடியது. சொந்த ஊர் எது என்றார். பாலக்கோடு என்றேன். அதுவும் அவருக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. அம்மணிக்கு எந்த ஊருங்க என்று மாதம்மா கேட்டார். பென்னாகரம் என்றாள் சுமதி. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். ஏரியூர் போகிற வழியிலேயே மாமியார் வீடு இருக்கிறவன் எங்கே ஓடிப்போய்விட முடியும்?

"கம்பெனிக்காரன் எந்த ஊர்லயோ இருக்கான். காரு நின்னா அவன் வரப்போறதில்ல. நீங்க வருவீங்களான்னு பாக்கத்தாங்க வந்தோம்."

கேசரியை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள்.

வராத போன்

கார் வாங்கியபின், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போதெல்லாம் அண்ணன் பென்னாகரம் தாண்டியதும் நிறுத்தி எனக்குப் போன் செய்வார். "பென்னாகரம் தாண்டிட்டோங்க" என்பார். நானும் நிம்மதியாக அடுத்த வேலையைப் பார்ப்பேன். ஒருநாள் மதியம் போன் வரவில்லை. நான் அடித்தேன், எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். இவளை வைத்துக்கொண்டு எங்கே போய் நிற்பேன் என்று அவர் முதல் நாள் கேட்டது ஞாபகம் வந்தது. மேனேஜரிடம்கூடச் சொல்லாமல் பைக்கை எடுத்தேன். வழியெல்லாம் கம்பெனியைத் திட்டினேன், என்னைத் திட்டினேன், ஊரில் இருக்கிற சாமியை எல்லாம் கூப்பிட்டேன்.

இண்டூர் தாண்டி, சாலையோரப் புளிய மரத்தடியில் அந்தக் கார் நின்றுகொண்டிருந்தது. அண்ணன் வெளியே தனியாக நின்றார். "என்னாச்சுண்ணே?" என்று கத்திக்கொண்டே ஓடினேன். அவர் பதறிப்போய் உதட்டில் விரல் வைத்தார். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஏ.சி. மட்டும் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்க, பின்சீட்டில் மாதம்மா வாய் லேசாகத் திறந்திருக்க, குழந்தை மாதிரி தூங்கிக்கொண்டிருந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அண்ணன் என் தோளில் கை வைத்துக் காதோடு சொன்னார்.

"காரு நிக்கலீங்க, நாந்தான் நிறுத்தினேன். போனையும் சத்தமில்லாம வெச்சிட்டேன். இந்த ரோட்டுல அவ தூங்கி நான் பாத்ததே இல்ல. இதுக்கு மேல பூராவும் வேகத்தடை, முழிச்சிக்குவா."

எட்டு வருஷ கேரண்டியில் வராத அந்தக் கேஸ்கட்டு நான்தான் என்பதை ஜமால் பாயிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் கார் வாங்கிவிடுவாரோ, அப்புறம் அவருக்கும் பைக்கை எடுத்துக்கொண்டு ஓட வேண்டுமோ என்று பயமாக இருக்கிறது.