மூன்றாவது பாட்டில் ஒலித்த சங்கு

கஞ்சிக்கோட்டில் நான் வேலை பார்க்கும் ஆலையின் டிசைன் பிரிவில் எனக்கு ஒரு நண்பன் உண்டு. பாலக்காட்டுக் கோயில் தெரு ஒன்றில் பிறந்து வளர்ந்தவன். மெட்டல் இசை என்றால் அவனுக்கு உயிர். போன வருடம் ஓர் ஆல்பம் செய்தான். மெல்லிய பகுதிகளுக்குக் கிட்டார் வாசித்தது நான். மலைமேல் எங்கள் ஊரான சூரியநெல்லியில் சர்ச் பாடகர் குழுவில் பழகிய கை. மற்றதெல்லாம் அவன்தான். நெஞ்சை அழுத்தும் எலெக்ட்ரிக் கிட்டார், இடி இடிக்கும் டிரம்ஸ், அடித்தொண்டையிலிருந்து கிளம்பும் உறுமல்.

எலப்புள்ளியில் அவன் வாடகைக்கு இருந்த மாடி அறையில், ஜன்னலுக்கு மெத்தையை முட்டுக்கொடுத்துப் பதிவு செய்தோம். கீழே குடியிருந்த வீட்டுக்காரம்மா ஒருநாள் என்னைப் படியில் நிறுத்தினார்.

"ஏனுங்க தம்பி, மேல அவரு ஆரையாச்சும் போட்டு அடிக்கறாருங்களா?"

"பாட்டுதானுங்க," என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

குரல் பதிவின்போது மட்டும் அவன் என்னை உள்ளே விடவில்லை. பாட்டின் வரிகளையும் காட்டவில்லை. கூச்சப்படுகிறான் என்று விட்டுவிட்டேன்.

ஆல்பம் இணையத்தில் ஏறியதும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்றாவது பாட்டு மழைச் சத்தத்தில் தொடங்கியது. மழைக்குள் தேயிலை ஃபாக்டரியின் சங்கு. எங்கள் எஸ்டேட் சங்கு முடியும்போது மூச்சு முட்டியதுபோல் ஒருமுறை விக்கும். அந்த விக்கல் அப்படியே கேட்டது. அதன் பின் என் கிட்டார். பிறகு மலையே சரிந்து வருவதுபோல் அந்தக் கனம்.

மறுநாள் கேன்டீனில் கேட்டேன். "அந்தச் சங்கு ஏதுடா?"

"நெட்லேர்ந்து எடுத்தேன், கேட்டியோ," என்றான், தட்டைப் பார்த்தபடியே.

எங்கள் ஊருக்குப் போனதாக அவன் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் அம்மா ஒருமுறை போனில், "ஒன் சிநேகிதன் முட்டைகூடத் திங்க மாட்டானோ?" என்று கேட்டது இப்போது உறைத்தது. என்னிடம் மறைத்து அங்கே போய் என்ன செய்தான்? அந்த உறுமலைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். "கம்பளி" என்ற ஒரு சொல் பிடிபட்டது. பிறகு "ஜீப்பு". அவன் எழுதக்கூடிய சொற்களே அல்ல அவை.

லீவு போட்டு ஊருக்குப் போனேன். அம்மா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"வந்தான். சங்குச் சத்தத்தைப் பிடிக்கணும்னான். மழை பிடிச்சுக்கிட்டு, இங்கயே இருந்தான். ஒன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு நாந்தான் சத்தியம் வாங்குனேன்."

"என்னம்மா சொன்ன அவன்கிட்ட?"

எனக்கு முன்னால் பிறந்த அக்கா காய்ச்சலில் போய்விட்டாள் என்பது மட்டுமே எனக்குத் தெரியும். மிச்சத்தை அம்மா பூண்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். மழையில் ரோட்டில் மண் சரிந்து கிடந்தது. ஆஸ்பத்திரிக்குப் போக முடியாமல் ஜீப் திரும்பியது. திரும்பும் வழியிலேயே கம்பளிக்குள் பிள்ளைக்கு மூச்சு நின்றுவிட்டது.

"செத்துப்போச்சுன்னு சொன்னா நடுவழில எறக்கி விட்ருவாகளோன்னு பயம். தூங்குதுன்னு சொல்லி, வீடு வார வரைக்கும் மடில போட்டு ஆட்டிக்கிட்டே வந்தேன்."

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீ அழுவ. அவன் அழல. சத்தம் பிடிக்கிற மெஷினை நிறுத்தட்டுமான்னு கேட்டான். வேண்டாம், ஓடட்டும்னேன்."

அந்தப் பாட்டைக் கேட்க வேண்டும் என்றாள். ஹெட்போனை மாட்டிவிட்டேன். உறுமல் தொடங்கும் இடம் வந்ததும் கழற்றக் கை நீட்டினேன். அம்மா என் கையைத் தள்ளிவிட்டாள். முடியும்வரை அசையவில்லை.

"எனக்கும் அன்னைக்கு இப்படித்தாம்லே கத்த வந்துச்சு. ஜீப்புல ஆளுக இருந்தாக."

அவன்மேல் இருந்த கோபம் எனக்கு அங்கேயே இறங்கிவிட்டது. திரும்பி வந்து, அம்மா பாட்டைக் கேட்டதைச் சொன்னேன்.

"திட்டினாளா?" என்றான்.

"இல்லை."

"அம்மா பேசின மத்ததெல்லாம் அழிச்சாச்சுடா," என்றான்.

மற்றதைப் பற்றி நான் கேட்கவே இல்லை. மழை விடும்வரை அம்மா அவனிடம் பேசியிருக்கிறாள். பாட்டில் இருப்பது அதில் கொஞ்சம்தான். அடுத்த ஆல்பத்துக்கும் நான்தான் வாசிக்கிறேன். ஆனால் குரல் பதிய அவன் கதவைச் சாத்தும்போதெல்லாம், படியில் இறங்காமல் அங்கேயே கொஞ்சம் நின்றுவிடுகிறேன்.