நைனா பார்த்த வேலை இதுதான்

எங்கள் நைனா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. வல்லத்திலிருந்தும் அவலூர்பேட்டையிலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் முதலில் என் வணக்கம். இதை எழுத உட்கார்ந்தபோது சொந்தத்தில் பெரியவர் ஒருவர் போன் செய்து, அன்பாக ஒரு யோசனை சொன்னார். "கவருமெண்டு வேலையில இருந்தாருன்னு ஒரு வரி போட்டுட்டு மேல போயிடும்மா. அந்த வேலயப் பத்தி விலாவரியா எழுதாத. படிக்கிறவங்களுக்கு ஒரு மாதிரி இருக்கும்." அவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் ஒரு வரியோடு தாண்டிப் போவதாக இருந்தால் இந்த மலரே தேவையில்லை. நைனா பார்த்த வேலையைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். ஒரு மாதிரி இருப்பவர்கள் புகைப்படங்களை மட்டும் பார்த்துக்கொள்ளலாம்.

நைனா வல்லத்தை ஒட்டிய சிற்றூரில், மல்லாட்டை என்கிற நிலக்கடலை பயிரிட்டுப் பிழைத்த குடும்பத்தில் பிறந்தவர். உடன்பிறந்தவர் ஒரே தங்கை, எங்கள் அத்தை. இருவரும் சிறு வயதிலேயே தாயை இழந்தார்கள். தங்கைக்குத் தலை வாரிப் பின்னிவிட்டு, பழைய சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு, அதன் பிறகுதான் நைனா செஞ்சிப் பள்ளிக்கு நடப்பாராம். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படிப்பை முடித்தவருக்கு, கடற்கரையோரம் இருந்த ஓர் அணு வளாகத்தில் வேலை கிடைத்தது. ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார்.

அணு உலை என்றால் எல்லோருக்கும் மின்சாரம்தான் நினைவுக்கு வரும். நைனா அந்தப் பக்கமே போனதில்லை. ஓடி முடிந்து மூடப்பட்ட ஒரு பழைய உலையும் ஆய்வுக்கூடமும் விட்டுச்சென்ற கழிவைக் கவனிக்கும் பிரிவில் அவர் இருந்தார். கையுறை, துணி, குழாய்த் துண்டு, வடிகட்டி, தொட்டியின் அடியில் தங்கிய கசடு என்று முந்தைய தலைமுறை தனக்குத் தெரிந்தபடி குழிகளிலும் தொட்டிகளிலும் போட்டுவைத்தவை அவை. எது எங்கே கிடக்கிறது என்ற குறிப்பு பாதி இருக்கும், பாதி இருக்காது. அவற்றை வெளியே எடுத்து, அளந்து, தரம் பிரித்து, கசடைச் சிமென்டோடு கலந்து கெட்டியாக்கி, டிரம்மில் அடைத்து, எண் எழுதி, கான்கிரீட் அறைக்குள் வைத்து மூட வேண்டும். சில பொருள்களின் வீரியம் நம் ஆயுளுக்குள் குறைந்துவிடும். சிலவற்றுக்குப் பல தலைமுறை ஆகும்.

"சமைச்சவங்க சாப்ட்டுட்டுப் போயிட்டாங்க. பாத்திரம் கழுவுறது நம்ம பங்கு" என்பார் நைனா. "ஆமா, இங்க ஒரு டம்ளரு கழுவுனதில்ல" என்பார் அம்மா.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வேலை முடிந்து வெளியே வரும் ஒவ்வொரு முறையும் கைகளையும் கால்களையும் ஒரு கருவியில் வைத்துக் காட்டினால்தான் கதவு தாண்ட முடியும். தூசியாக ஏதாவது ஒட்டியிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். கழுவிவிட்டு மறுபடி காட்ட வேண்டும். உடம்பு வாங்கிய அளவைச் சட்டையில் மாட்டிய பேட்ஜ் பதிந்துகொண்டே இருக்கும். நைனாவுக்கு அது ஒருமுறைகூட வரம்பைத் தாண்டியதில்லை. அந்தத் தாள்கள் அம்மாவின் பீரோவில் இருக்கின்றன. சந்தேகம் உள்ளவர்கள் வந்து பார்க்கலாம், காபியும் தருகிறோம். எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு வந்தவரைத் தொட நாம் பயப்படுவதில்லை. நைனாவைத் தொட மட்டும் ஏன் பயந்தோம்? அதைச் சொல்வதற்குச் செல்வியின் சடங்குக்குப் போக வேண்டும்.

செல்வி என் அத்தை மகள். அவளுடைய மஞ்சள் நீராட்டுக்கு நாள் குறித்தபோது எனக்குப் பத்து வயது. தாய்மாமன் வந்து மாலை போட்டுச் சீர் வைத்தால்தான் நம்மில் அந்தச் சடங்குக்கே மரியாதை. அம்மாவும் நானும் தம்பியும் முன்கூட்டியே ஊருக்கு வந்துவிட்டோம். நைனா அரைநாள் வேலை பார்த்துவிட்டு, பட்டுப்புடவையும் வளையலும் அடங்கிய பையோடு பஸ் ஏறினார்.

திண்டிவனத்தில் பஸ் மாறி உட்கார்ந்தபோது மணிக்கட்டு வலித்ததாம். ஏன் வலிக்கிறது என்று யோசித்தார். காலையில் ஒரு டிரம் மூடி சரியாக உட்காராமல் சுத்தியலால் தட்டியது நினைவுக்கு வந்தது. மூடி ஏன் உட்காரவில்லை என்று யோசித்தார். அது அந்த டிரம்மின் மூடியே இல்லை.

அங்கே வழக்கம் இப்படி: டிரம்மை அடைத்து அளந்ததும் முதலில் மூடியில் எண் எழுதுவார்கள். பிறகு மூடியைப் பார்த்து அதே எண்ணை டிரம்மின் உடம்பில் பெயின்டால் எழுதுவார்கள். அன்று காலை இரண்டு டிரம்களை இன்னொரு தரம் பார்ப்பதற்காகத் திறந்திருந்தார்கள். மறுபடி மூடியவர் நைனா. ஊருக்குப் போகிற அவசரத்தில் மூடி மாறிவிட்டது. மாறிய மூடியைப் பார்த்தே உடம்பிலும் எண்ணை எழுதிவிட்டார். ஒன்றில் இருந்தது கையுறையும் துணியும். மற்றதில் இருந்தது பல தலைமுறைக்கும் அடங்காத கசடு. இப்போது கசடு இருந்த டிரம்மின் மேல் துணி என்று பதிவு. இரண்டையும் வைத்த அறையை மறுநாள் காலை மூடுவதாக ஏற்பாடு.

பூத்திலிருந்து போன் செய்தார். எடுத்த பிரிவு நண்பர் சிரித்தாராம். "யாருக்குத் தெரியப் போவுது? நீ போய் சீர வை." நைனா, பஸ் நிலையத்தில் பார்த்த செஞ்சிக்காரர் ஒருவரிடம் சீர்ப் பையைக் கொடுத்துவிட்டு, வந்த வழியே திரும்பிவிட்டார்.

மறுநாள் காலை பை வந்தது, மாமன் வரவில்லை. பஸ் ஹாரன் கேட்கும்போதெல்லாம் அத்தை தெருமுனைவரை போய்ப் பார்த்துவிட்டு வந்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. நல்ல நேரம் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் ஒன்றுவிட்ட மாமா ஒருவர் மாலை போட்டார். செல்வி அழுதுகொண்டே உட்கார்ந்திருந்தாள்.

நைனா அன்று மாலை வந்து சேர்ந்தார். அறையை மூடவிடாமல் நிறுத்தி, இரண்டு டிரம்களையும் திறந்து, மறுபடி அளந்து, எண்ணை மாற்றி எழுதிவிட்டு வந்திருந்தார். அந்தத் தவறுக்காக மேலதிகாரி எழுத்தில் கண்டித்த மெமோவும் சட்டைப் பையில் இருந்தது.

"மூடி மாறிப்போச்சும்மா. தப்பு என்னுது" என்றார்.

"இன்னாது, மூடியா?" என்றார் அத்தை. "எம்பொண்ண விட உனுக்குத் தகர மூடி பெருசா பூட்ச்சா? தாயில்லாத என்ன நீதான வளத்த? அத்தினி பேரு முன்னால இப்டி நிக்க வச்சிட்டியே!"

அதன்பிறகு நைனா இருந்தவரை அத்தை எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. கல்யாணம், காதுகுத்து என்று பொது இடத்தில் பார்த்துக்கொள்வதோடு சரி.

அதே ஆண்டில்தான் அந்தப் பேச்சு கிளம்பியது. 'அவரு ஒடம்புல வெஷக்கதிரு ஏறியிருக்குது. பச்சப்புள்ளைங்க கிட்ட வரக்கூடாதாம். அதான் சடங்குக்கே வரல.' யார் தொடங்கியது என்று தெரியாது. பந்தியில் நைனாவுக்குப் பக்கத்து இலை காலியாகவே இருக்கும். அவர் தூக்க வந்தால் குழந்தையை உள்ளே கொண்டுபோவார்கள். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் இரண்டு முறை பாதியில் எழுந்து போனார்கள். நான் அழுதபோதும் நைனா யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. அதே சமயம், ஒரு விசேஷத்தையும் விடவில்லை. எல்லோருக்கும் முன்னால் போய் முதல் வரிசையில் உட்காருவார்.

"எதுக்கு நைனா போய் அவமானப்படுறீங்க?" என்று ஒருமுறை கத்திவிட்டேன்.

"நான் போவாம இருந்தா அவுங்க சொல்றது நெஜம்னு ஆயிடும்மா. நான் ஒக்காந்துனு இருக்கேன், அவுங்க எழுந்து போட்டும்" என்றார்.

ஓய்வுக்குப் பிறகு செஞ்சியில் வீடு கட்டிக் குடிவந்தார். அங்கேயும் அதேதான். சர்க்கரை நோய் முதலில் கண்ணைத் தொட்டது, பிறகு இதயத்தை. புதுச்சேரியில் ஒரு வாரம் படுத்திருந்தார். மருத்துவர் எழுதிக் கொடுத்த காரணம் மாரடைப்பு. வேறொன்றும் இல்லை என்பதை இங்கே அழுத்தமாகவே எழுதுகிறேன்.

குளிப்பாட்டும் முன் தலையில் எண்ணெயும் சீயக்காயும் வைக்க உறவினர்களைக் கூப்பிட்டார்கள். தம்பி வைத்தான், நான் வைத்தேன். அதன்பிறகு யாரும் நகரவில்லை. பந்தல் நிறைய ஆள் இருந்தும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "பொறங்கையாலதான் தொட்டு வைக்கிறது, ஒண்ணும் ஆவாது" என்று ஒருவர் இன்னொருவரைத் தள்ளிவிட்டார். "நீ போயேன்" என்றார் அவர். அம்மா அதைக் கேட்டுவிட்டு வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டார். அந்த நிமிடம் எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத்தில் வைக்கத் தெரியவில்லை.

அப்போது செல்வி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். இடுப்பில் அவள் பெண் குழந்தை இருந்தது. குழந்தையை இறக்கிவிட்டு, எண்ணெயை உள்ளங்கை நிறைய ஊற்றி, நைனாவின் தலையில் அழுத்தித் தேய்த்தாள். "மாமா, வந்துட்டேன் மாமா" என்றாள். அதன்பிறகுதான் வரிசை நகர்ந்தது. அத்தை மட்டும் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டே நின்றார். கடைசிவரை கிட்ட வரவில்லை. ஓராண்டு முழுவதும் அதற்காக அவர்மேல் எனக்குக் கோபம் இருந்தது.

எங்கள் துயரத்தில் துணை நின்றவர்களுக்கு நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். மருத்துவமனையில் பெற்ற பிள்ளைகளைப்போல் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், மூன்று நாள் எங்கள் அடுப்பைப் பற்றவைக்க விடாமல் சோறு கொடுத்த தெருவாசிகளுக்கும் நன்றி. தகவல் கேட்டதும் ஒரு வேன் பிடித்து வந்து, பாடை தூக்கத் தோள் கொடுத்த நைனாவின் பிரிவு நண்பர்களுக்கு நன்றி. அவர்களில் ஒருவர் அன்று போனில் சிரித்தவர். குழிமேட்டில் அதிகம் அழுதவரும் அவர்தான். செல்விக்கு நன்றி சொன்னால் அடிப்பாள். இருந்தாலும் நன்றி.

அத்தைக்கு நன்றி சொல்வதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் போன மாதம் இந்தக் கட்டுரையை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கே போனேன். அவருக்குப் படிக்க வராது. அதுவரை எழுதியிருந்த முழுவதையும் படித்துக் காட்டினேன். பந்தல் கால் வரும் இடத்தையும் விடாமல் படித்தேன்.

"அந்த ரெண்டு டிரம்மு இப்ப எங்க இருக்குது?" என்று கேட்டார்.

"அங்கயேதான் அத்த, அறைக்குள்ள. நமக்கப்புறம் எத்தினியோ தலமுற கழிச்சு யாராவது தெறக்கலாம். தெறக்காமலும் போவலாம்."

"யாருன்னே தெரியாதவனுக்காவா எங்கண்ணன் திரும்பிப் போச்சு?"

"ஆமா அத்த. எழுதியிருக்கிறத நம்பித்தான அவன் கைய வைப்பான்."

அத்தை என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "அந்தப் பேச்ச மொதல்ல சொன்னது நான்தான்டி. சடங்கன்னிக்கி பந்தல்ல ஆளாளுக்கு, மாமன் ஏன் வரலன்னு கேட்டாங்க. எனுக்கு மானம் போவுது. ஒடம்புல ஏதோ கதிரு, புள்ளைக்கு ஆவாதுன்னு வாயில வந்தத சொல்லிட்டேன். அன்னியோட முடிஞ்சிடும்னு பாத்தேன். அது ஊரு பூரா பூட்ச்சி. பயந்துனு நான் தள்ளி நிக்கல. எந்த மூஞ்சிய வச்சினு எண்ண வைப்பேன்?"

எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை, அதையும் மறைக்கவில்லை. "இது நமக்குள்ள இருக்கட்டும் அத்த" என்று தாள்களை மடித்தேன்.

அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். "இருக்கக்கூடாது. புஸ்தகத்துல போடு. அத்தன்னு போட்டா எந்த அத்தையோன்னு இருப்பாங்க. எம்பேரு போடு."

நைனாவின் உடம்பைப் பற்றி ஊரில் உலவிய பேச்சு பொய். அதை முதலில் சொன்னவர் அவருடைய ஒரே தங்கை, ராணியம்மாள். அவர் சொல்லச் சொன்னபடி எழுதியிருக்கிறேன்.