பாஸ்வேர்டாக ஒரு கல்யாண நாள்

புது லேப்டாப்பைத் திறந்ததும் எங்கள் வீட்டு வைஃபையின் பெயர்தான் திரையில் முதலாவதாக வந்தது. அண்ணன் பெயரின் முன்பாதியையும் அண்ணி பெயரின் பின்பாதியையும் ஒட்டி வைத்த பெயர். வீட்டில் நைனா இருக்கிறார், அம்மா இருக்கிறாள், நான் இருக்கிறேன். எங்கள் மூவருடைய பெயரிலிருந்து ஓர் எழுத்துகூட அதில் கிடையாது. பாஸ்வேர்ட் அவர்களுடைய கல்யாண நாள். நெட் வேண்டுமென்றால் அந்த நாளை அடித்துத்தான் உள்ளே போக வேண்டும். அன்று காலை அதை அடித்து அடித்து எனக்கு விரல் சலித்துவிட்டது. ஒவ்வொரு முறையும் சின்ன வட்டம் கொஞ்ச நேரம் சுற்றியது. பிறகு, இணைப்பில் சேர முடியவில்லை என்று ஒரு வரி வந்தது.

பதினொரு மணிக்கு எனக்கு மாதிரி வகுப்பு. ஆன்லைனில் பிள்ளைகளுக்குக் கணக்கு நடத்தும் ஒரு கம்பெனி, எழுத்துத் தேர்விலும் நேர்காணலிலும் என்னைத் தேர்ந்தெடுத்து, கடைசியாக ஒரு பாடம் நடத்திக் காட்டச் சொல்லியிருந்தது. போனில் எடுக்கக்கூடாது, கம்ப்யூட்டரில் வரவேண்டும், அமைதியான அறை வேண்டும், நேரம் தவறினால் அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்று முன்னதாகவே எழுதியிருந்தார்கள். அதற்காகத்தான் டியூஷன் எடுத்துச் சேர்த்த பணத்தில் இந்த லேப்டாப்பை வாங்கினேன். வேலை கிடைத்தால் செஞ்சியை விட்டுப் போகாமலே சம்பளம். கிடைக்காவிட்டால் தனியார் பள்ளி ஒன்றில் போய் நிற்க வேண்டியதுதான்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். நைனா, நெல் ஏலம் விடும் மார்க்கெட் கமிட்டியில் மூட்டை தூக்குகிறார். அண்ணன் பத்தாவதோடு நின்று பஸ் கண்டக்டர் ஆனான். நான் எம்.எஸ்சி. கணக்கு முடித்தேன். கேஸ் கம்பெனியிலிருந்து மெசேஜ் வந்தாலும் ரேஷன் கடை மெசேஜ் வந்தாலும் போனை என்னிடம்தான் நீட்டுவார்கள். நானும் வேண்டுமென்றே கொஞ்சம் காக்க வைத்துத்தான் படித்துச் சொல்வேன்.

அண்ணி வந்தபிறகு அந்தப் போன்கள் எல்லாம் அவளிடம் போயின. அண்ணன் வேலை செய்த பஸ்ஸில் தினமும் திண்டிவனத்துக் கல்லூரிக்குப் போய் வந்தவள். அவள் அப்பா தலைமை ஆசிரியர். படிப்பு அவளுக்குச் சாப்பாட்டுத் தட்டு மாதிரி, பிறந்ததிலிருந்து முன்னாலேயே இருந்தது. சென்னைக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். அவள் வேலைக்காகத்தான் வைஃபையே எங்கள் வீட்டுக்கு வந்தது. அம்மா என்னை "ஏ புள்ள" என்பாள். அவளை "கண்ணு" என்பாள். மேல்மலையனூருக்கு அமாவாசைக்குப் போகும்போது பஸ்ஸில் பக்கத்தில் உட்காரும் முன்பின் தெரியாதவளிடமும், "எம் மருமவ கம்ப்யூட்டர்ல வேல செய்யுது" என்று ஆரம்பித்துவிடுவாள். அதே பஸ்ஸில், அதே அம்மா, என் எம்.எஸ்சி.யைச் சொல்லிக்கொண்டு போன காலம் ஒன்று உண்டு.

ஆகவே லேப்டாப் சேரவில்லை என்றதும் அண்ணியின் கதவைத் தட்ட என் கை எழவில்லை. அவள் அறையில்தான் வைஃபை பெட்டி இருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தாள். நானே பார்த்துக்கொள்ளலாம் என்று லேப்டாப்பை அணைத்துத் திறந்தேன். பழைய இணைப்பை மறக்கச் சொல்லி, புதிதாகச் சேரச் சொன்னேன். விமானப் படத்தை அழுத்தி எடுத்தேன். லேப்டாப்பின் தேதி, நேரம் சரியா என்றுகூடப் பார்த்தேன். என் போன் மட்டும் அதே வைஃபையில் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபோதுதான் அந்த எண்ணம் வந்தது. போன் போகிறது, லேப்டாப் போகவில்லை என்றால், புதிதாக எதுவும் நுழையாதபடி யாரோ பூட்டியிருக்கிறார்கள். இந்த வீட்டில் அப்படிப் பூட்டத் தெரிந்தவள் ஒருத்திதான். நேற்று லேப்டாப் வந்தபோது அவள் அதைத் தூக்கிப் பார்த்து, நல்லா லேசா இருக்குது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனது இப்போது வேறு மாதிரி கேட்டது.

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். நேற்று மூடியின் ஓரத்தில் அவள் வைத்த மஞ்சள் குங்குமத்தை நான் துடைத்துவிட்டேன். அதனால்தான் வேலை செய்யவில்லை என்று சொல்லிவிட்டுப் போனாள்.

போனின் நெட்டைக் கொண்டு சமாளிக்கலாம் என்றால், எங்கள் தெரு மலையை ஒட்டியது. வீட்டுக்குள் சிக்னல் கிடையாது, போனில் பேசவே வாசலுக்கு வரவேண்டும். வாசலில் உட்கார்ந்தால் எதிரே மாவு மிஷின்.

எங்கள் வீட்டில் எது ஓடாவிட்டாலும் கடைசியாகச் செய்வது ஒன்று உண்டு. மெயினை இறக்கி ஏற்றுவது. மோட்டாருக்கும் அதுதான், டிவிக்கும் அதுதான். வைஃபை பெட்டியை அணைத்துப் போட்டால் பூட்டும் திறந்துவிடும் என்று நினைத்தேன். கதவைத் தட்டாமல் அதை அணைக்க வேறு வழி இல்லை. போய் மெயினை இறக்கினேன். மின்விசிறி நின்றது. உள்ளே அண்ணியின் ஆங்கிலம் மட்டும் நிற்கவில்லை. கொஞ்ச நேரம் யாரும் இல்லாத இடத்தில் பேசிக்கொண்டிருந்தவள், பிறகுதான் நிறுத்தினாள். மெயினை ஏற்றினேன்.

கதவு திறந்தது. கரண்ட் போய்விட்டதா என்று கேட்டாள்.

"நான்தான் எறக்கினேன்" என்றேன். "என் லேப்டாப் சேரல."

கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். அவள் என் லேப்டாப்பைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், உள்ளே வரச் சொன்னாள். இப்போது என் போனிலும் வைஃபை போயிருந்தது. அவளுடைய ஆபீஸ் லேப்டாப் பழைய தடி லேப்டாப். பெட்டியிலிருந்து நேராக ஒரு வயர் வந்து அதில் சொருகியிருந்தது. அந்த வயரைப் பிடுங்கி என்னிடம் நீட்டினாள். என் லேப்டாப்பைச் சுற்றிச் சுற்றித் திருப்பினோம். அவ்வளவு மெல்லிய லேப்டாப்பில் அந்த வயருக்குத் துளையே வைக்கவில்லை. அது மெல்லியது என்றுதான் கடையில் நான் அதை எடுத்திருந்தேன்.

வயரைத் திரும்பத் தன்னுடையதில் சொருகி, எதையோ திறந்து பார்த்தாள். நெற்றி சுருங்கியது.

"எடம் இல்ல. இந்தப் பொட்டி இத்தினி பேரதான் தாங்கும். முழுசா ஆளு நெறைஞ்சிருக்குது. நீ மெயின எறக்கி ஏத்தினதும் அவங்க முந்திக்கினாங்க. நம்ம போனே வெளிய நிக்குது."

"எவங்க?"

அவளுக்கும் தெரியவில்லை. நைனாவின் பட்டன் போனை விட்டால் நம் வீட்டில் மொத்தம் நாலு போன்தானே என்றாள். அப்போது அம்மா ஈரக் கையோடு வாசற்படியில் வந்து நின்றாள். நாங்கள் எதுவும் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள்.

"கேட்டாங்க. குடுத்தேன்."

தையல்காரி வீடு, மாவு மிஷின் வீடு, கறவை மாடு வைத்திருக்கும் வீடு, அந்த வீடுகளுக்கு விருந்தாளியாக வந்தவர்கள், எல்லோருக்கும் கொடுத்திருந்தாள். எனக்குப் புரியவே இல்லை. அம்மாவுக்கு எழுத்து தெரியாது. கையெழுத்துப் போட மட்டும் நான் கற்றுக் கொடுத்தேன், அதுவும் நான் ஒன்பதாவது படித்தபோது ஒரு கோடை விடுமுறை முழுக்க உட்கார வைத்து. பாஸ்வேர்டை எப்படிக் கொடுத்தாள்?

அம்மா தன் போனை எடுத்தாள். இரண்டு இடத்தில் தொட்டாள், கட்டைவிரலை வைத்தாள். டீக்கடையில் பணம் கட்ட ஒட்டியிருப்பார்களே, அதுபோல ஒரு கறுப்பு வெள்ளைக் கட்டம் திரையில் வந்தது. எதிராளி அதைப் போட்டோ பிடித்தால் போதும், உள்ளே வந்துவிடலாம்.

"கண்ணுதான் சொல்லிக் குடுத்துச்சு" என்றாள்.

தன் அப்பா வந்தபோது அவர் போனில் வைஃபை போட்டுக்கொடுப்பதற்காக அண்ணி அதை அம்மாவுக்குக் கற்றுக் கொடுத்தாளாம். ஒரே ஒரு தடவை காட்டினாளாம். நான் ஒரு கோடை முழுக்கச் சொல்லிக் கொடுத்த கையெழுத்தில் அம்மாவுக்கு இன்னும் கடைசி எழுத்து திரும்பிக்கொள்ளும். வகுப்புக்கு அரை மணி நேரம்கூட இல்லை, வேலை போகப்போகிறது, ஆனால் அந்த நிமிடம் என் நெஞ்சில் எரிந்தது அந்தக் கட்டம்தான்.

அண்ணி பாஸ்வேர்டை மாற்றிவிடலாம் என்றாள். எல்லோரும் வெளியே போய்விடுவார்கள், நாம் மட்டும் புதிதாகச் சேர்ந்துகொள்ளலாம். அம்மா வேண்டாம் என்றாள். அண்ணியிடம் அம்மா வேண்டாம் என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"நான் வயசுப் பொண்ணா இருந்தப்ப ஊர்ல ஒரு வீட்லதான் டிவி. எங்கள உள்ள வுடமாட்டாங்க. ஜன்னலுக்கு வெளிய நின்னு பாப்போம். பாதிப் படத்துல ஜன்னல சாத்திடுவாங்க. இப்ப நம்ம வீட்ல ஒண்ணு வந்துக்குது. நான் சாத்தறதா?"

அண்ணி தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு அழுகை வந்தது. ஜன்னலை நினைத்து அல்ல. என் வேலை போனால் போகட்டும், தெருவுக்குக் கொடுத்த வாக்கு போகக்கூடாது என்கிறாளே என்று.

"அப்ப எனக்கு இன்னாம்மா வழி?" என்றேன்.

அம்மா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வெளியே போனாள். ஜன்னல் வழியே பார்த்தேன். முதலில் மாவு மிஷின். மிஷினின் சத்தத்துக்கு மேலே கத்தினாள்.

"எம் பொண்ணு பெரிய எடத்துல பாடம் எடுக்கப்போவுது. எம்மெஸ்ஸி படிச்ச பொண்ணு. கொஞ்ச நேரம் அந்த வைஃபைய நிறுத்தி வைங்க. மிஷினையும் நிறுத்து."

மிஷின் நின்றது. அடுத்த வீட்டிலும் அதையே சொன்னாள், எம்மெஸ்ஸி விடாமல். அதற்கடுத்த வீட்டில் யாரோ என்ன பாடம் என்று கேட்டிருக்க வேண்டும். "கணக்கு. அதெல்லாம் உனக்கும் புரியாது எனக்கும் புரியாது" என்றாள். தையல்காரி வீட்டில் பாதி ஓடிய சீரியலை நிறுத்தமாட்டேன் என்றாளாம் ஒருத்தி. அம்மா அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து போனை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாளாம். அது பிறகு தெரிந்தது.

என் திரையில் வட்டம் சுற்றியது. சுற்றி, நின்றது. உள்ளே போய்விட்டேன்.

பின்னால் இருக்கும் சுவர் நன்றாக இருக்கிறது, அங்கேயே உட்கார் என்று அண்ணி தன் நாற்காலியைக் கொடுத்தாள். பின்னங்களைக் கூட்டுவது எப்படி என்று நடத்தினேன். எங்கோ ஒரு நகரத்திலிருந்து ஒரு சிறுமியும், முகம் காட்டாத இரண்டு பேரும் பார்த்தார்கள். ஒரு தடவைகூட நிற்கவில்லை. சிறுமி கடைசிக் கணக்கைத் தானாகவே போட்டாள். அந்த இருவரில் ஒருவர், அடுத்த வாரமே சேர முடியுமா என்று கேட்டார்.

லேப்டாப்பை மூடித் திரும்பினேன். அண்ணி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். வாழ்த்துவாள் என்று நினைத்தேன். வாழ்த்தினாள். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்தபடி மெதுவாகச் சொன்னாள்.

"எம் மீட்டிங்கு தெனம் பாதில நின்னுபோவுது. லைன் சரியில்லன்னு கேபிள்காரர்கிட்ட சண்ட போட்டுக்கினு இருந்தேன். மேனேஜர்கிட்ட திட்டு வாங்கிட்டு வந்து அத்தைகிட்டதான் சொல்லி அழுவேன். தெருவே உள்ள இருக்குதுன்னு அத்தைக்கு அப்பவே தெரியும்ல. எனக்காவ ஒரு வீட்டுக்கும் போவலியே."

அவள் முகத்தைப் பார்த்தேன். அந்த முகம் எனக்குத் தெரிந்த முகம். பஸ்ஸில் அம்மா "எம் மருமவ" என்று ஆரம்பிக்கும்போது ஜன்னல் கண்ணாடியில் நான் பார்க்கும் முகம். நான் வருத்தப்பட்டிருக்க வேண்டும். கோயில் திருவிழாவில் ராட்டினம் மேலே போகும்போது வயிற்றுக்குள் வருமே, அப்படி ஒரு குளிர்ச்சிதான் வந்தது.

அம்மா வாசலிலிருந்து, முடிந்துவிட்டதா, எல்லோரையும் போட்டுக்கொள்ளச் சொல்லட்டுமா என்று கேட்டாள். அண்ணிக்கு அடுத்த மீட்டிங் இருக்கிறது, இன்னும் கொஞ்சம் பொறுக்கச் சொல் என்றேன். எனக்கு அப்போது தாராளமாக இருக்க முடிந்தது.

"அது தெனமும் இருக்கறதுதான" என்று சொல்லிவிட்டு அம்மா தெருவில் இறங்கினாள்.

அன்று மாலை அண்ணி ஒரு வழி கண்டுபிடித்தாள். அந்தப் பெட்டியிலேயே இரண்டு இணைப்பு வைக்கலாமாம். பழையது அதே பெயரோடு தெருவுக்கு, ஆனால் அளவாகத்தான் ஆள் நுழையும். புதியது நாங்கள் இருவரும் வேலை பார்க்க. அதற்குப் பெயர் வைக்க வேண்டும் என்று தன் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினாள். அவள் பெயரில் ஒரு பாதி, என் பெயரில் ஒரு பாதி என்று எதிர்பார்த்திருக்கலாம். நான் என் முழுப் பெயரை அடித்தேன். பக்கத்தில் எம்.எஸ்சி. என்றும் சேர்த்தேன். அண்ணி அதைப் படித்தாள்.

"நானும் படிச்சவதான். எம் படிப்பப் போடலியே நானு" என்றாள். அழிக்கச் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் தெருவிலிருந்த எல்லாப் போன்களிலும் பழைய பெயருக்கு மேலே என் பெயர் தெரிந்தது, பக்கத்தில் ஒரு சின்னப் பூட்டோடு. தையல்காரி அதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினாளாம். அம்மா முகமெல்லாம் சிரிப்பாக உள்ளே வந்தாள். என்னிடம்தான் ஏதோ சொல்ல வருகிறாள் என்று எழுந்து நின்றேன். அவள் என்னைத் தாண்டிப் போய் அண்ணியிடம் தன் போனை நீட்டினாள்.

"கண்ணு, புள்ள பேர்ல ஒண்ணு வந்துக்குதே, அதுக்குக் கட்டம் எப்பிடி எடுக்கறது?"