காபன் கடதாசியைக் கொண்டுவந்த சாமித்தம்பி ஐயா

நேற்றுக் காலை நெல் மில்லின் கதவில் புதிதாக ஒட்டியிருந்த அறிவித்தலை வாசித்துக்கொண்டு நின்றேன். மூன்று பேரை வேலையால் நிறுத்துவதாக எழுதியிருந்தது. நெல் காயவைக்கும் பாக்கியமக்கா பின்னால் வந்து நின்றார்.

"சாமித்தம்பி ஐயா போயிட்டாராம் மனே. கோப்பி குடிச்சிட்டுக் கதிரையில சாஞ்சவராம், ஒழும்பல்ல."

வாவியில் காற்றே இல்லை. பருந்துகள் மட்டும் தாழ்வாகச் சுற்றிக்கொண்டிருந்தன.

அவரை அறிந்தவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். அவர் எங்கள் பக்கத்துப் பிரக்கிராசி, அதாவது வக்கீல், அல்ல. மூன்று வருடங்களுக்கு முன் முதலாளி மில்லைப் பூட்டி எங்களை வெளியே விட்டபோது, முதலாளிக்காகப் பேச வந்தவர். எங்களுக்காகப் பேசியவர் பிலிப் ஐயா. நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன், ஒரு வேலையிலும் வருடம் முழுக்க நின்றதில்லை. அந்த மில்லில்தான் முதன்முதலாகக் கால் ஊன்றினேன். அதனால் சாமித்தம்பி ஐயாவை வாய்க்கு வந்தபடி ஏசியிருக்கிறேன். ஒளிக்க ஒன்றுமில்லை.

சமரசப் பேச்சு மட்டக்களப்பில் தொழிற் கந்தோரில் ஓர் அதிகாரி முன் நடந்தது. முதல் இரண்டு தடவையும் நன்றாகத்தான் போனது. மூன்றாம் தடவைக்கு முன் மில் கதவில் ஓர் அறிவித்தல் வந்தது: எல்லோரும் திரும்ப வரலாம், ஒருவனைத் தவிர. அந்த ஒருவன் நான்.

அன்று கந்தோரில் இரண்டு பிரக்கிராசிமாரும் முகம் பார்க்கவில்லை. "அவரிட்டச் சொல்லுங்க" என்று அதிகாரி மூலமாகவே பேசினார்கள். யன்னலால் எட்டிப் பார்த்த பாக்கியமக்கா, "பொண்ணு பாக்க வந்த ஆக்கள் மாதிரி ரெண்டு பேரும் நிலத்தப் பாத்துக்கிட்டு இருக்காங்க" என்றார். நாங்கள் சிரித்தோம். ஆனால் வெளியே எங்கள் பெடியன்களின் சாரன் மடிப்பில் கல் இருந்தது. தெரு முனையில் பொலிஸ் ஜீப் நின்றது. பேச்சு முறிந்தால் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்.

அடுத்த தவணைக்கு என்னையும் உள்ளே கூப்பிட்டிருந்தார்கள். சாமித்தம்பி ஐயா பிந்தி வந்தார். இருக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு காபன் கடதாசியை எடுத்து, யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"பிலிப், இது உன்ட கடிதம்தானே?"

கறுப்புத் தாளில் எழுத்துகள் தெரிந்தன. நடுவில் என் பெயர்.

நடந்தது இவ்வளவுதான். என்னை விட்டுவிட்டு மற்றவர்களை எடுக்க முதலாளி சம்மதிப்பாரா என்று பிலிப் ஐயா இரகசியமாக ஒரு கடிதம் எழுதி, இப்போதைக்கு முதலாளிக்குக் காட்ட வேண்டாமென்று சொல்லி, சாமித்தம்பி ஐயாவின் கையில் மட்டும் கொடுத்திருக்கிறார். அதை அவர் முதலாளிக்குக் காட்டிவிட்டார் என்று பிலிப் ஐயா நினைத்தார். பிலிப் ஐயா தன்னைத் தாண்டி முதலாளியிடம் நேரே போய்விட்டார் என்று சாமித்தம்பி ஐயா நினைத்தார். ஆனால் தமிழில் கடிதம் அடிக்க இருவரும் போவது அரசாங்கக் கச்சேரி வாசலில் தட்டச்சு மெசின் வைத்திருக்கும் அதே யோசேப்பிடம்தான். எங்களுக்கும் வாசித்துக் காட்டுவதற்காகப் பேச்சுக் கடிதங்களெல்லாம் தமிழில் அடிக்கப்பட்டன. தன் முறைக்குக் காத்திருந்த முதலாளியின் கணக்கப்பிள்ளை, அந்தக் கடிதத்தின் நகலுக்கு வைத்து மேசையில் கிடந்த காபனை மடித்துக்கொண்டு போயிருக்கிறார்.

"நானும் காட்டல்ல, நீயும் போகல்ல," என்றார் சாமித்தம்பி ஐயா. "இதுதான் போயிருக்கு."

பிலிப் ஐயா எட்டிப் பார்த்தார். "இத எங்க எடுத்த?"

"என்ட ஆள்ர பைலுக்குள்ள. களவெடுத்த கடதாசிய வெச்சிக்கிட்டு அவருக்காகப் பேச மாட்டன் எண்டு சொல்லிப்போட்டுத்தான் வாறன்."

நான் இடையில் புகுந்தேன். "பிலிப் ஐயா, என்ன வித்துப்போட்டீங்களா?"

பதில் சொன்னவர் சாமித்தம்பி ஐயா. "நாப்பது பேரக் கரையேத்த ஒருத்தன இறக்கலாமா எண்டு யோசிச்சிருக்காரு மனே. யோசிச்சது பிழையில்ல. அத எடுத்துக் கதவில ஒட்டினதுதான் பிழை."

பிலிப் ஐயா எழுந்து ஒரு கதிரையை இழுத்துத் தன் பக்கத்தில் போட்டார். இருவரும் அன்று பகல் முழுக்கப் பேசினார்கள். காபன் வெளியே வந்தால் வெட்கக்கேடு என்று முதலாளியும் இறங்கினார். எல்லோரும் வேலைக்குப் போனோம், நானும்.

முதலாளி பிறகு வேறு பிரக்கிராசியை வைத்துக்கொண்டார். ஒரு வாரத்தில் சாமித்தம்பி ஐயா வீட்டு வாசல் படலையில் செத்த காகம் ஒன்று தொங்கியது. நான் போனபோது அவரே கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். ஆர் செய்தது என்று கண்டுபிடிக்கிறேன் என்றேன்.

"தேடாத. தேடினா இன்னொண்டு தொங்கும்."

வேலியோரம் குழி தோண்டிப் புதைத்தார். கை கழுவிக் கோட்டைப் போட்டுக்கொண்டு கோட்டுக்கு வழக்குப் பேசப் போனார். மறுநாளும் போனார்.

பிலிப் ஐயா, இதை நீங்களும் வாசிப்பீர்கள்; இனி உங்கள் எதிர்க் கதிரையில் யார் வந்து இருப்பார் என்று எனக்குத் தெரியாது. வருகிறவர் காபனை மேசையில் வைப்பவரா, பைக்குள் வைப்பவரா, அதுவும் தெரியாது.

அன்று பேச்சு முடிந்ததும் சாமித்தம்பி ஐயா அந்தத் தாளை என்னிடம்தான் தந்தார். "உன்ட பேர், நீ வெச்சிக்க," என்றார். அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியது அதுதான். நேற்றுப் பின்னேரம் பெட்டியைத் திறந்து பார்த்தேன். மை பூசிய பக்கத்தில் என் பெயர் இன்னமும் இடம்வலம் புரண்டுதான் கிடக்கிறது. மில் கதவில் ஒட்டியிருக்கும் மூன்று பெயர்களில் மூன்றாவதாக, அதே பெயர் நேராக இருக்கிறது.